முப்பந்தல் காற்றாலை இறகின் உள்ளே

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளைக் காண்பவர்கள் அவற்றின் உயரத்தையே வியக்கிறார்கள். நம் குமரி மாவட்டத்துப் பொறியியல் மாணவர்கள் அந்த இறகின் உட்புறத்தையும் அறிய வேண்டும் என்பது என் விருப்பம். கெட்டியாகத் தெரியும் அந்த இறகு, கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய சுவர்களால் ஆன, உள்ளே கூடான ஒரு நீண்ட உத்தரம்.

இத்தகைய உத்தரம் முறுக்கத்தைத் தாங்குவது, அதன் சுவர் ஒரு பரப்பை முழுமையாகச் சூழ்ந்து மூடியிருப்பதால்தான். சுவரின் தடிமனைப்போல் 20 மடங்கு ஆரம் கொண்ட குழாயை நீளவாக்கில் ஒரே கோடாகக் கீறிவிட்டால், பொருள் சிறிதும் குறையாவிட்டாலும், முறுக்க விறைப்பு ஏறத்தாழ 1,200-இல் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது இழையின் திசை. எஃகின் யங் குணகம் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் அளவு) அதன் விறைப்புக் குணகத்தைப்போல் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் எதிர்க்கும் அளவு) சுமார் 2.6 மடங்கு, ஒரே திசையில் கண்ணாடி இழை அடுக்கிய எபாக்சிப் பிசின் தகட்டில், இழையின் திசையில் அது 10 மடங்கை நெருங்குகிறது. எனவே எஃகு உத்தரத்திற்குக் கற்ற கணக்கை அப்படியே இங்கே போட்டால், சறுக்கத்தால் வரும் கூடுதல் வளைவு விட்டுப்போகும். வளைவைத் தாங்கும் பட்டைகளில் இழைகளை நீளவாக்கிலும், முறுக்கத்தைத் தாங்கும் மேலுறையில் இருபுறமும் 45 பாகை சாய்த்தும் அடுக்குவது இதனால்தான். (வள்ளம் கட்டும்போது வெட்டிய இழைப் பாயை மட்டும் அடுக்கினால், இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால், இந்த வசதி கிடைக்காது.)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். மேலிருந்து பார்க்கையில் மேல்சுவர், கீழ்ச்சுவர் இரண்டின் இழைகளும் ஒரே பக்கம் சாயுமாறு அடுக்கினால், உத்தரம் வளையும்போது தானாகவே முறுகவும் செய்யும். திடீரென வீசும் வேகக்காற்றில் இறகு வளைந்து, அதனால் சற்றே திரும்பி, காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைக் குறைத்துச் சுமையைத் தானே இறக்கிக்கொள்ள இதனால் முடிகிறது. 1984-இல் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்-29 என்ற அமெரிக்கச் சோதனை விமானத்தின் முன்சாய்ந்த சிறகுகள் முறுகி ஒடியாமல் காத்ததும் கார்பன் இழைகளின் இத்தகைய சாய்வுதான்.

வளையும் கூடு தட்டையாகவும் முயலும். அதை, உட்புறத்தை அறைகளாகப் பிரித்து நிற்கும் குறுக்குச் சுவர்கள் தடுக்கின்றன. இறகின் இரு பாதிகளையும் இணைக்கும் பசைக்கோடு பின்விளிம்பில் பிரிந்தால், முன்னே சொன்ன கீறல் அங்கே நிகழ்கிறது. பின்னறை திறந்து, முறுக்கம் முழுவதும் மூடியிருக்கும் மற்ற அறைகள்மேல் விழுகிறது. ஆகவே பராமரிப்பில், மேலுறையின் வண்ணம் உரிந்ததைவிட அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.