கான்ட் கொடுத்த வாக்கு

ஜெர்மானியத் தத்துவஞானி இமானுவேல் கான்ட் எழுதிய ஒரு கடிதம் இரண்டு நாட்களாக மனத்தை விட்டு அகலவில்லை. 1794இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம், மதம் பற்றிய கான்ட்டின் எழுத்துகளைக் கண்டித்து ஆணை அனுப்பினார். கான்ட்டுக்கு அப்போது 70 வயது. மன்னரின் மிக விசுவாசமான குடிமகனாக, இனி மதம் குறித்துப் பேசவோ எழுதவோ மாட்டேன் என்று பதில் அனுப்பினார். 1797இல் மன்னர் இறந்தார். மறு ஆண்டே கான்ட் அந்தக் கடிதங்களை அச்சேற்றினார். மன்னரின் ஆயுள்வரை மட்டுமே கட்டுப்படும்படி சொற்களைத் தேர்ந்து எழுதியதாக விளக்கமும் தந்தார்.

நண்பன் ஒளிந்திருக்கும் இடத்தைக் கொலைகாரன் கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்டவர் அவர். இதுவும் பொய் இல்லைதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது.

மௌனம் காத்த அந்த ஆண்டுகளில்தான், 1795இல், நிரந்தர அமைதி குறித்த நூல் வந்தது. அறத்துக்கு உட்பட்டு விவேகத்தைக் கையாளும் அரசியல்வாதியை எண்ணிப் பார்க்க முடிகிறது, தன் ஆதாயத்துக்கேற்ப அறத்தை வளைப்பவரை எண்ணிப் பார்க்க முடியவில்லை என்கிறார் அதில். முன்பு இதை வெறும் கோட்பாடாகப் படித்தேன். வாய்மூடப்பட்ட ஒரு முதியவரின் சொற்களாக இப்போது படிக்கும்போது, அவர்மீது கோபமும் மரியாதையும் சேர்ந்தே வருகின்றன.