ஓடாத வேனுக்குள் ஒரு டீ

மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று பதினொரு நாளாகப் பெய்துகொண்டிருக்கிறது. நாளை எண்ணும் அளவுக்கு வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்தால் இருட்டு, வேலை முடித்து நிமிர்ந்தால் இருட்டு, நடுவில் வானம் என்ற பெயரில் சாம்பல் பூசின தகரம் ஒன்று. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசல் ஓரத்தில் எங்கள் கேம்பர்வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் பயண வண்டி, நிற்கிறது. கூரை விளிம்பில் லேசாகப் பாசி, முன்கண்ணாடியில் ஈர இலை. அக்டோபர் கடைசியில் நிறுத்தியது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதன் முகம் கண்ணில் படுகிறது, எனக்கு என்னவோ அது என்னை முறைப்பது போலவே இருக்கிறது.

குளிர்காலத்தை எப்படிச் சமாளிப்பது என்று யாரைக் கேட்டாலும் கம்பளி, புத்தகம், சூடாகக் குடிக்க ஏதாவது என்று அதையேதான் சொல்கிறார்கள். டிசம்பர் வரைக்கும் எல்லாம் சரிதான். ஜனவரியில் ஒரு நாள் வரும், அந்தக் கம்பளியைத் தொட்டாலே எரிச்சல் வரும். இந்த வருஷம் எனக்கு அந்த நாள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. நம் மொழியில் குளிருக்கு முன்பனி, பின்பனி என்று இரண்டு பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். முதல் பாதியைத் தாங்கும் மனசு வேறு, இரண்டாம் பாதியைத் தாங்கும் மனசு வேறு.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போனை எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேனில் ஊர் சுற்றும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கடற்கரையில் பின்கதவைத் திறந்துவைத்துக் காலை நீட்டிக்கொண்டு ஒருத்தி காபி குடிப்பாள், பின்னால் சூரியன் பளபளக்கும், நான் இங்கே இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு அதைப் பார்ப்பேன். ஒரு மணி நேரம் பார்த்த பிறகு ஆசை தீர்ந்ததா என்றால் இல்லை, பொறாமைதான் மிச்சம். அதிலும் யாரும் கழிவுநீர்த் தொட்டி காலி பண்ணுவதைக் காட்ட மாட்டார்கள். நீங்கள் கவனித்திருக்கிறீர்களா?

அப்புறம் பழைய வண்டிகளின் கதைகளுக்குத் தாவினேன். அது பரவாயில்லை, குறைந்தபட்சம் வயிறு எரியாது. 1947 ஏப்ரலில் பென் பொன் என்ற டச்சு வியாபாரி, ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலைக்குப் போனபோது தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெட்டி வரைந்தார். ரொட்டித் துண்டுக்குச் சக்கரம் வைத்தது போன்ற படம். அதுவே 1950இல் வண்டியாக வெளியே வந்தது, 25 குதிரைத்திறன்தான், அதை வைத்துக்கொண்டு மலையெல்லாம் ஏறியிருக்கிறார்கள். அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்த ஆரம்பித்துவிட்டது. பிரேசிலில் 2013 வரைக்கும் அந்த வண்டியின் அடுத்த தலைமுறையைச் செய்துகொண்டிருந்தார்களாம். இதையெல்லாம் ராத்திரி ஒரு மணிக்குத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? வீட்டுக்காரரிடம் காலையில் சொன்னேன். "நல்லது, போய்த் தூங்கு" என்றார்.

ஆனால் பயணத்தை நினைத்து ஏங்குவது முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. விடுமுறைக்குப் போகப் போகிறவர்கள், போகாதவர்களைவிடப் போவதற்கு முன்னால்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ரொம்ப நிம்மதியாகப் போய் வந்த சிலரைத் தவிர. ஆக, காத்திருக்கும்போதே கணிசமான பங்கை அனுபவித்துவிடுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அதற்குத் தேதி குறித்த பயணம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அடுத்தவர் வீடியோவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அந்தக் கணக்கில் வராது.

இந்த வருஷம் என்னைத் தூக்கி நிறுத்தியது போன வருஷத்துக் குழாய் உடைந்த சம்பவம். கேளுங்கள்.

போன வருஷம் வேனை நிறுத்தும்போது தண்ணீரெல்லாம் வடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டேன், அது கடகடவென்று கொட்டி முடித்தது, கைதட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பம்ப்புக்குள் நிற்கும் தண்ணீர், குழாய்க்குப் பின்னால் வளைந்து போகும் டியூபில் நிற்கும் தண்ணீர், இதெல்லாம் மூளைக்கே எட்டவில்லை. மொத்தம் ஒரு டம்ளர்கூட இருந்திருக்காது. ஆனால் தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும், பெருக இடம் இல்லையென்றால் இருக்கிற இடத்தை உடைக்கும். ஏப்ரலில் ஆசை ஆசையாகத் தொட்டியை நிரப்பி, பம்ப் சுவிட்சைப் போட்டேன். குழாயில் ஒன்றும் வரவில்லை. கீழே அலமாரிக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். திறந்தால், ஸ்பூன் வைக்கும் டிராயருக்குள் பூவாளி வைத்த மாதிரி தண்ணீர் பீய்ச்சுகிறது. வெள்ளை பிளாஸ்டிக் இணைப்பில் முடி அளவுக்கு ஒரு விரிசல், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரிகிறது. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்தச் சாமானுக்காக வருஷத்தின் முதல் பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த முறை தொட்டியை வடித்ததோடு நிற்காமல், குழாய்கள் எல்லாவற்றையும் திறந்தே விட்டேன், அதுவும் கைப்பிடியை நடுவில் வைத்து. சூடு பக்கம், குளிர் பக்கம் இரண்டும் வடிய வேண்டுமே. ஷவர் தலையைக் கழற்றித் தொங்கவிட்டேன். பம்ப்பைச் சில நொடி வெறுமனே ஓடவிட்டு மிச்சத்தைத் துப்பவைத்தேன். அதோடு, வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது என்று ஒரு முடிவு. சனிக்கிழமை மதியம், மழையோ பனியோ. வீட்டுக்காரர் முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார், "என்ன, நோயாளி சவுகரியமா?"

சவுகரியம்தான். ஸ்லைடிங் கதவை இழுத்தால் முதலில் ஒரு வாசனை வரும்: பழைய துணி, கொஞ்சம் டீசல், கொஞ்சம் கடல். அந்தக் கடல் எங்கேயிருந்து வருகிறது என்று மூன்று வாரம் யோசித்துவிட்டு, ஒரு நாள் மிதியடியைத் தூக்கினேன், மூலையில் ஒரு பிடி மணல். ஆகஸ்ட் மாத மணல். கூட்டித் தள்ள மனசு வரவில்லை, மிதியடியைத் திரும்பவும் போட்டு மூடிவிட்டேன். சுத்தம் பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்கவும்.

வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. மெத்தைகள் சுவரில் ஒட்டாமல் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்ப்பேன், ஒட்டினால் பின்னால் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். பிரிட்ஜ் கதவும் அலமாரிக் கதவுகளும் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் டப்பாவில் தேங்கின தண்ணீரைக் கொட்டுவேன், ஒவ்வொரு வாரமும் அதில் இவ்வளவு தண்ணீரா என்று ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வண்டியை ஒரு அடி முன்னால் பின்னால் நகர்த்துவேன், டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்க. ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. மாதக்கணக்கில் இழுத்து வைத்தால் ஈரத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறோம்.

பேட்டரிதான் செல்லப்பிள்ளை. உள்ளே விளக்குக்கும் பம்ப்புக்கும் இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். பழைய வகை ஈய பேட்டரி, 12.7 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், 12க்குக் கிட்டே இறங்கினால் கவலைப்பட வேண்டும். முழு சார்ஜில் இருக்கும் ஈய பேட்டரி எப்பேர்ப்பட்ட குளிரையும் தாங்கும், காலியாகக் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் நீர்த்துப்போய் உறைந்துவிடும். லித்தியம் வைத்திருக்கிறவர்களுக்கு வேறு தலைவலி, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் ஏற்றவே கூடாது. சரி, வண்டி புராணம் போதும்.

இதில் எனக்கே தெரியாமல் நடந்தது ஒன்று. நாலைந்து சனிக்கிழமை கழிந்த பிறகு, அந்த நாட்களில் மட்டும் நான் சாயங்காலம் யார் மேலும் எரிந்து விழுவதில்லை என்று என் மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் காரணம் வேனாக மட்டும் இருக்க முடியாது. வாரம் முழுக்க நான் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன், விளக்கெல்லாம் போட்டாலும் உள்ளே சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான். எவ்வளவு மூட்டமான மதியமாக இருந்தாலும் வெளியே அதைப்போலப் பல மடங்கு இருக்கும், நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் போன நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர், குளிர்காலம் வந்தால் தன் சுறுசுறுப்பே போய்விடுவதைக் கவனித்தார். பிறகு 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் சேர்ந்துதான் பருவகால மனச்சோர்வு என்று அதற்குப் பெயர் கொடுத்து எழுதினார்கள். அதற்கான விளக்குப் பெட்டிகள் 10,000 லக்ஸ், காலையில் அரை மணி நேரம் முன்னால் உட்கார வேண்டும். எனக்கு இருப்பது அந்த அளவுக்கு இல்லை, வெறும் சிடுசிடுப்பு. படுக்கையை விட்டு எழவே முடியவில்லை என்கிறவர்கள் வேனைத் துடைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வெளிச்சம் என்றதும் இன்னொன்று. டிசம்பர் 21ஐத் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வருஷா வருஷம் ஏமாறுவேன். தாண்டிய பிறகும் காலையில் அதே இருட்டு, சொல்லப்போனால் இன்னும் மோசம். கணக்கு என்னவென்றால், அந்த நாட்களில் ஒரு உச்சிப் பொழுதுக்கும் அடுத்த உச்சிப் பொழுதுக்கும் இடையே 24 மணி நேரத்தைவிட அரை நிமிஷம் போல அதிகம் ஆகிறது. அதனால் கடிகாரத்தில் சூரியன் உதிப்பது, மறைவது இரண்டுமே தள்ளிப்போகின்றன. சாயங்காலம் டிசம்பர் 21க்கு முன்னாலேயே நீள ஆரம்பித்துவிடும், காலை மட்டும் ஜனவரி பிறக்கும்வரை பிடிவாதம் பிடிக்கும். இதைவிட வேடிக்கை, பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் போவதே ஜனவரி முதல் வாரத்தில்தான், 14.7 கோடி கிலோமீட்டர். பக்கத்தில் போய் என்ன, முகத்தைத் திருப்பிக்கொண்டல்லவா போகிறது! அதனால் நான் இப்போது காலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சாயங்காலத்தை மட்டும் பார்க்கிறேன். போன சனிக்கிழமை சாயங்காலம் ஆகியும் டார்ச் இல்லாமலே மீட்டரில் இருந்த எண்ணைப் படிக்க முடிந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குப் பதிலாக வேனுக்குள்ளேயே ஒரு டீ போட்டுக் குடிக்கலாமே என்று தோன்றியது. கெட்டிலைக் கொண்டுபோய் அடுப்பைப் பற்றவைத்தால், சுடர் மெழுகுவர்த்தி மாதிரி எழுந்து, சுருங்கி, அணைந்தே போய்விட்டது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே தளும்புகிறது. வீட்டுக்காரர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பியூட்டேன்ம்மா, வெளியே பூஜ்யத்துக்குக் கீழ இருக்கு, அது எப்படி வரும்?" என்றார். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில், அதற்குக் கீழே அது பாட்டுக்குத் திரவமாகவே உட்கார்ந்திருக்கும். புரோப்பேன் மைனஸ் 42 வரைக்கும் வாயுவாக வரும். புரோப்பேன் சிலிண்டர் மாற்றினோம், அடுத்த சனிக்கிழமை டீ கொதித்தது. கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கான அலாரத்தின் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைத்தேன். அடுப்பை எரியவிட்டு வண்டிக்குள் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது.

அந்த டீயைக் குடித்துக்கொண்டு, மடியில் நாட்காட்டியை விரித்து, ஏப்ரல் இரண்டாம் வார வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேன். எங்கே என்று முடிவாகவில்லை. மகள் எட்டிப் பார்த்தாள். "ஏப்ரலா? அதுவரைக்கும் என்னால முடியாதும்மா. இன்னைக்கு ராத்திரியே இங்க படுத்துக்கலாம்."

மறுக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு போர்வை, இரண்டு வெந்நீர்ப் பை, தலைக்குக் குல்லாய். டீசல் ஹீட்டர் முதலில் இருமி, புகை கக்கி, அப்புறம் சமாதானமாகி ஓடியது. எப்படியும் மாதம் ஒரு முறை ஓட்ட வேண்டியதுதான், கணக்கில் சேர்த்துக்கொண்டேன். கூரையில் மழை தட்டும் சத்தம் வீட்டுக்குள் கேட்டால் எரிச்சல் வருகிறது, பத்தடி தள்ளி வேனுக்குள் கேட்டால் தாலாட்டு. எப்படி என்று எனக்கும் புரியவில்லை. நடுராத்திரியில் எங்கள் மூச்சுக்காற்றே கூரையில் துளியாகி நெற்றியில் சொட்டியது. துடைத்துவிட்டுப் படுத்தோம்.

விடிந்ததா இல்லையா என்று தெரியாத நேரத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரையை விலக்கினால் குடையோடு வீட்டுக்காரர், முகத்தை ரொம்பக் கறாராக வைத்துக்கொண்டு, "இங்க வண்டி நிறுத்தக் கூடாதுங்க" என்கிறார்.

போர்வைக்குள்ளிருந்து மகள் குரல் வந்தது. "இன்னும் ஒரு நாள் இருந்துட்டுக் கிளம்பிடுறோம்னு சொல்லும்மா."