கஞ்சிக்கோடு: வராத கோச் ஃபேக்டரியும் ராமசேரி இட்லியும்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகிற எல்லோரும் கஞ்சிக்கோட்டைத் தாண்டித்தான் போகிறோம். இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஷிப்டுக்குப் போகிற ஆட்கள். எனக்கு ரொம்ப நாளாக அங்கே இறங்க வேண்டும் என்று ஆசை. இந்த ஆடியில் இறங்கிவிட்டேன்.

மெமு என்கிற உள்ளூர் மின்சார ரயில் வாளையாரைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் மெதுவாகப் போனது. பக்கத்து சீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். இந்தப் பாதையில் ரயிலில் அடிபட்டுச் செத்த யானைகள் எத்தனையோ. வேகக் கட்டுப்பாடு அதற்காகத்தான். பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, மெதுவாகவே போகட்டும்.

செலவுக் கணக்கை முதலில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் அடித்த காற்றைச் சொல்லாமல் எப்படி? தோளில் கிடந்த துண்டு பறந்து தண்டவாளத்துப் பக்கம் போய்விட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே நின்றால் புரியும். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டு நிற்கிற இடம் இது. அந்த வழியாகத்தான் காற்று வருகிறது, ரயிலும் வந்தது. 1995இல் கேரள மின்வாரியம் காற்றாலை வைக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை.

கேரளத்தின் முதல் ரயில் 1861 மார்ச்சில் கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூருக்கும் திரூருக்கும் இடையே ஓடியது. அடுத்த வருடமே பாதை பட்டாம்பி, பாலக்காடு வழியாகக் கோவைக்குப் பக்கத்துப் போத்தனூரைத் தொட்டது. சென்னையையும் மேற்குக் கரையையும் இணைக்க வேண்டும் என்பதுதான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் நோக்கம். கோழிக்கோடு நகரத்துக்கே 1888இல்தான் ரயில் போனது. அதற்கு 26 வருடம் முன்பே கஞ்சிக்கோட்டு மண்ணில் தண்டவாளம் கிடந்தது!

தொழிற்சாலைகள் வந்தது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. 1970களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், தொலைபேசிக் கருவிகள் செய்த ஐ.டி.ஐ. பிறகு வாளையாரில் மலபார் சிமென்ட்ஸ், 1984இல் உற்பத்தி தொடங்கியது. அப்புறம் மண்வாரி இயந்திரங்களும் ரயில் பெட்டிகளும் செய்கிற அரசு நிறுவனமான பி.இ.எம்.எல்., இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி ஆலைகள். கொச்சியை விட்டால் கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டை இதுதான். எக்ஸ்பிரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று கடந்து போகின்றன. இவ்வளவு பேர் வேலை செய்கிற ஊரில் இத்தனை வண்டிகள் நிற்காமல் போவது அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம் கோச் ஃபேக்டரி, அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் பேச்செடுத்தால் போதும், 1980களில் பாலக்காட்டுக்கு வரவேண்டியது பஞ்சாபின் கபூர்தலாவுக்குப் போய்விட்டது என்று ஆரம்பிக்கிறார்கள். 2007இல் பாலக்காடு ரயில்வே கோட்டத்தைப் பிரித்துச் சேலம் கோட்டம் அமைந்தது. கோவைக்காரர்களான நமக்கு அது சந்தோஷம். இழந்த பாலக்காட்டுக்கு ஈடாக 2008 ரயில்வே பட்ஜெட்டில் கஞ்சிக்கோட்டுக்கு கோச் ஃபேக்டரி அறிவித்தார்கள். நிலமும் எடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் அன்றைய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி அடிக்கல் நாட்டினார். கல்லோடு சரி. நமக்குக் கோட்டம் கிடைத்தது, அவர்களுக்கு வாக்குறுதி மட்டும். எனக்கு இது உறுத்துகிறது.

இட்லிக்குப் பேர்போன பக்கத்து ஊர் ராமசேரிக்கு ஆட்டோ பிடிக்கும்போது அடுத்த எரிச்சல். நான் தமிழில் கேட்டதும் "முன்னூறு" என்றார் ஓட்டுநர். "இந்தா இருக்கிற ராமசேரிக்கா சேட்டா?" என்றேன். "டீசல் வெலை தெரியுமா சார்?" என்று சுத்தத் தமிழில் பதில். டீக்கடை அண்ணன் உள்ளேயிருந்து, "நூத்தம்பதுக்கு மேல குடுக்காதீங்க தம்பி" என்று குரல் கொடுத்தார். கடைசியில் இருநூறில் முடிந்தது. நான் வந்த ரயில் டிக்கெட்டை விடப் பல மடங்கு. மூன்று நான்கு பேராகப் போனால் மட்டும் ஆட்டோ எடுங்கள்.

ஆனால் அந்த இட்லியைச் சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது. பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த முதலியார் குடும்பங்களின் கைவேலை. பானையில் தண்ணீர் கொதிக்கிறது. அதன் வாயில் நூல் வலை கட்டிய மண் வளையம், வலைமேல் ஈரத்துணி, துணிமேல் கரண்டி மாவு. விறகுப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே அந்த அக்கா துணியோடு தூக்கித் தட்டில் கவிழ்த்து, துணியை மெல்ல உரித்தார். தட்டையாக, துணியின் இழை பதிந்த இட்லி. "பொடிக்குத் தேங்காயெண்ணெய் ஊத்தட்டுமா தம்பி?" நல்லெண்ணெய் கேட்கத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். நல்லவேளை! அந்தப் பொடிக்குத் தேங்காயெண்ணெய்தான். வயிறு நிறையச் சாப்பிட்டதற்கான பில் ஆட்டோக் காசில் பாதிகூட வரவில்லை.

திரும்புவதற்கு மெமு நேரத்தை ஸ்டேஷனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. வண்டி இல்லையென்றால் தேசிய நெடுஞ்சாலை 544க்கு வந்து நின்றால் பாலக்காடு–கோவை பஸ் கிடைக்கும். நான் அப்படித்தான் வந்தேன். உக்கடம் வரை நின்றுகொண்டே வர வேண்டியிருந்தது.