ஹுடிங்கேயில் கேட்ட ஆர்கிட்

ஸ்வீடனுக்குக் குடிவருகிறவர்களிடம் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் எச்சரிக்கிறார்கள். குளிருக்கு வழி இருக்கிறது. நல்ல ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இருட்டைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் விடியும், பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். என்னைக் கேட்டால் நவம்பர் அதைவிடக் கடினம். பனி விழுந்துவிட்டால் தரையாவது வெளுப்பாக இருக்கும். நவம்பரில் ஈரத் தார்ச் சாலையும் இலை உதிர்ந்த பிர்ச் மரங்களும்தான்.

கணவருக்கு ஸ்டாக்ஹோமின் தெற்குப் புறநகரான ஹுடிங்கேயில் ஆராய்ச்சி வேலை. நானும் மகனும் பிறகு வந்து சேர்ந்தோம். வந்ததும் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் பொதுவானவை: வரி அலுவலகத்தில் பதிந்து பெர்சூன்நும்மர் என்ற தனிநபர் அடையாள எண் வாங்குவது, அது கிடைத்த பிறகே வங்கிக் கணக்கு, அதற்குப் பிறகே மற்றதெல்லாம். குடியேறியவர்களுக்கான இலவச ஸ்வீடிஷ் வகுப்பான எஸ்எஃப்ஐயில் சேர்ந்தேன். அப்புறம் நகரத்துக்குள் ஒரு பகுதிநேர வேலையும் கிடைத்தது. இந்தக் கதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது வேறு. இந்த ஊரோடு என்னை முதலில் சேர்த்துவைத்தது ஆர்கிட் என்ற ஆல்பம், மெட்டல் எனப்படும் கடுமையான ராக் இசை வகையைச் சேர்ந்தது.

இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் துணி துவைக்கும் அறை பொதுவானது. பெரும்பாலும் அடித்தளத்தில் இருக்கும். நேரம் பதிவு செய்துகொண்டு போக வேண்டும், அடுத்தவர் நேரத்தில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. அப்படி ஒரு மாலை என் நேரம் தொடங்க, முந்தைய நேரத்துக்குப் பதிந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் உலர்த்தும் அலமாரியிலிருந்து தன் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏழெட்டு கறுப்பு டி-ஷர்ட்டுகள், எல்லாம் துவைத்துத் துவைத்துச் சாம்பலாகிவிட்டவை. ஒன்றில் ‘ஓ’ என்ற எழுத்து மட்டும் கொடி சுற்றிப் படர்ந்த மாதிரி பெரிதாக அச்சாகியிருந்தது. எது என்று கேட்டேன். அதுவரை லிஃப்டில் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டவர், அன்று என் இயந்திரம் நீர் நிரப்பி, சுற்றி, ஓயும்வரை நின்று பேசினார்.

அது ஓபெத் என்ற குழு. அதன் பாடகரும் கிதாரிஸ்டுமான மிக்கேல் ஓகர்ஃபெல்ட் இந்த ஹுடிங்கேயில் சோர்ஸ்கூகன் என்ற பகுதியோடு தொடர்புள்ளவர். பின்னாளில் குழுவுக்கு வெளியே செய்த ஒரு இசை முயற்சிக்கு அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். “இவர்களைக் கேட்க ஆசைப்படுகிறவர்களை எல்லோரும் 2001இல் வந்த பிளாக்வாட்டர் பார்க் ஆல்பத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள்” என்றார் அவர். “நீங்கள் இங்கேயே குடியிருக்கிறீர்கள். முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.” மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே சிடி. மணி அடித்துத் தொந்தரவு செய்யவில்லை.

ஆர்கிட். அட்டையில் இளஞ்சிவப்பு ஆர்கிட் பூ மட்டும். குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. 1994இல் ஃபின்ஸ்போங் ஊரில், டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. விநியோகச் சிக்கலால் தாமதமாகி 1995 மே மாதம்தான் கேண்டில்லைட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பதிவின்போது ஓகர்ஃபெல்டுக்கு இருபது வயதுதான். ஏழு பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதல். முதல் பாடலே பதினான்கு நிமிடம்.

பல்லவி, சரணம் என்று ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பாட்டில் வளர்ந்த காது எனக்கு. இன் மிஸ்ட் ஷி வாஸ் ஸ்டாண்டிங் என்ற அந்த முதல் பாடலில் திரும்பி வரும் பல்லவி எதுவும் பிடிபடவில்லை. இரண்டு கிதார்கள் ஒரு மெட்டைப் பின்னிக்கொண்டு போகும். அது பழகுவதற்குள் விட்டுவிட்டு வேறு ஒன்றுக்குப் போய்விடும். வேலைக்குப் போகும் புறநகர் ரயிலில் அதைக் கேட்கத் தொடங்கினேன். ஹுடிங்கேயில் ஏறும்போது போட்டால் ஸ்டுவ்ஸ்டா, ஏல்வ்ஹோ, ஓர்ஸ்டாபேரி தாண்டி நகரத்து நிலத்தடி நிலையத்தை நெருங்கும்போது முடியும். ஒரு பயணத்துக்கு ஒரு பாட்டு. நாளாக ஆக, எந்தத் திருப்பம் எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் வரும் என்பதே மனப்பாடமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத காலை வேளைகளில் நான் ஊரைத் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வகை மெட்டலை நம்மில் பலர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவது பாடகர் பாடாமல் உறுமுவதால்தான். பாட்டு என்றால் வரி புரிய வேண்டும் என்பது நம் பழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் என் நிலைமையைப் பாருங்கள். நாள் முழுக்க என்னைச் சுற்றி ஸ்வீடிஷ். கடையில், பள்ளியில், அலுவலகச் சமையலறையில் பேசுவதில் பாதிதான் புரியும். மீதியைக் குரல் ஏறுவது இறங்குவதை வைத்து, எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிடிப்பேன். அதே காதோடு ஓகர்ஃபெல்டின் உறுமலைக் கேட்டபோது அது கத்தலாகப் படவே இல்லை. அது ஓர் இடத்தில் இழுபட்டுத் தேய்கிறது, ஓர் இடத்தில் கிதாருக்கு அடியில் போய்விடுகிறது, சில இடங்களில் சட்டென்று சாதாரணக் குரலாகி மெல்லப் பாடுகிறது. பிந்தைய ஆல்பங்களில் அந்தச் சாதாரணக் குரல் நிறைய வளர்ந்து அழகாகிவிட்டது. இங்கே அது கூச்சத்தோடு எட்டிப்பார்க்கிறது. எனக்கு இந்தக் கூச்சம்தான் பிடிக்கும்.

யோகான் டி ஃபர்ஃபல்லாவின் பேஸ் கிதாரையும் விடக் கூடாது. பல மெட்டல் பதிவுகளில் பேஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இதில் அது தனியாக எழுந்து நடக்கிறது. நல்ல ஹெட்ஃபோனில், கிதார்கள் இரண்டும் மேலே போயிருக்கும் நேரத்தில் அதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அப்புறம் சில்லூட் என்ற மூன்று நிமிடத் துண்டு: முழுக்கப் பியானோ, வேறு எதுவும் கிடையாது. வாசித்தவர் ஆண்டர்ஸ் நூர்டின், குழுவின் டிரம்மர்! அதற்கு முந்தைய இரண்டு பாடல்களில் அவ்வளவு அடி அடித்த கைதான் அது. அடுத்து ஃபாரஸ்ட் ஆஃப் அக்டோபர், பதின்மூன்று நிமிடம். அதை இங்கே ஓர் அக்டோபர் ஞாயிறு, காட்டுக்குள் நடந்துகொண்டே கேட்க வேண்டும். காடு யாருடையதானாலும் யாரும் நடக்கலாம் என்ற பொது உரிமை இந்த நாட்டில் உண்டு. ஹுடிங்கேயில் அடுக்குமாடிகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். ஈரப் பாசியும் கல்லும் பைன் மரமும்தான், பெரிய காட்சி எதுவும் இல்லை. அந்தப் பாட்டுக்கு அது போதும்.

இந்த ஆல்பத்தில் ஒட்டுகள் தெரிகின்றன, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் போடாமல் தாவுகிறார்கள் என்று ரசிகர்களே சொல்வார்கள். உண்மைதான். மாஸ்டரிங் என்ற கடைசிக்கட்ட ஒலித் தயாரிப்பில் நடந்த பிழையால் ரெக்வியம் என்ற சின்னத் துண்டின் முடிவு, அடுத்த பாடலின் தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எனக்கு இதுதான் ஓபெத்தின் மிக நேர்மையான ஒலி. தங்களுக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்ற இருபது வயது அவசரம் அதில் இருக்கிறது. அடுத்த வாய்ப்பு கிடைக்கும் என்று யாரும் அவர்களுக்கு உறுதி கொடுத்திருக்கவில்லை. புது நாட்டில் முதல் வேலை நேர்காணலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அவசரம் தெரியும்.

இவ்வளவு சின்ன நாட்டில், இவ்வளவு அடங்கிப் பேசுகிற மக்களிடமிருந்து எப்படி இத்தனை இசைக் குழுக்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இருட்டு, சோகம் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒத்திகை அறை என்றார். இங்கே ஸ்டுடியஃபர்புண்ட் என்ற கல்விச் சங்கங்கள் உண்டு. நாலு பேர் சேர்ந்து குழுவாகப் பதிந்துகொண்டால் வாசித்துப் பழக அறை தருவார்கள், அரசும் நகராட்சியும் அதற்கு மானியம் தருகின்றன. நகராட்சிகள் குழந்தைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இசைப் பள்ளி நடத்துகின்றன. அவரும் பதினாறு வயதில் அப்படி ஓர் அறையில் பேஸ் வாசித்தவர்தான். குழு எதுவும் வெளியே தெரியவில்லை, டி-ஷர்ட்டுகள் மிஞ்சின.

ஓபெத் உள்ளூர்க் குழு என்றாலும் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே கொண்ட குழுவாக அது நிற்கவில்லை. ஆர்கிட்டில் வாசித்த நால்வரில் இன்று குழுவில் இருப்பவர் ஓகர்ஃபெல்ட் ஒருவரே. நூர்டின் பிரேசிலுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். 1997இல் பேஸ் வாசிக்க வந்தவர் மார்ட்டின் மெண்டெஸ், உருகுவேயின் மாண்டேவீடியோவில் பிறந்து ஸ்வீடனுக்கு வந்தவர். இன்றுவரை அவர்தான். இதைப் படித்த அன்று எஸ்எஃப்ஐ வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிலி நாட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அன்று மாலையே மெண்டெஸின் பேட்டி ஒன்றைத் தேடி ஸ்பானிஷில் கேட்டுவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். மகன் இப்போது அதை என்னைவிட அதிகம் கேட்கிறான், உறுமல் வரும் இடங்களில் கூடவே உறுமுகிறான். நகராட்சி இசைப் பள்ளியில் டிரம்ஸுக்கு அவன் பெயரைக் கொடுத்திருக்கிறோம். காத்திருப்போர் வரிசை நீளம், வசந்தத்தில் இடம் வரலாம் என்கிறார்கள். இடையில் பியானோவில் ஓர் இடம் காலியானது, வேண்டுமா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. நூர்டின் இரண்டும் வாசித்தார் என்று அவனிடம் சொன்னேன். சரி, முதலில் பியானோ என்றான்.