கடலோர வாக்குச்சாவடிகளின் எண்களைத் தேடிய அனுபவம்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கு, தொடக்கத்தில் கேள்வி எளிதாகவே தோன்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2019 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 18 அன்றும், 2024 தேர்தலில் ஏப்ரல் 19 அன்றும் நாங்கள் வாக்களித்தோம். இரண்டும் தடைக்காலத்துக்குள் வந்த நாள்கள். 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6 அன்று, தடை தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது நடந்தது. படகு நிற்கும் காலத்தில் கடலோரச் சாவடிகளின் வாக்குப்பதிவு உள்நாட்டுச் சாவடிகளிலிருந்து வேறுபடுகிறதா என்று பார்க்க நினைத்தேன். ஒரு மாதத்தில் எண்களைத் திரட்டிவிடலாம் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன். திரட்டி முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தொகுதி அளவில் தேடுபவருக்குச் சிரமமே இல்லை. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் 1951-52 முதல் கிடைக்கின்றன. அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் தாபா என்னும் தேர்தல் தரவுத்தளம், 1960-களின் தொடக்கத்திலிருந்து வேட்பாளர் வாரியான முடிவுகளை அட்டவணையாகவே தருகிறது. வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரங்களுக்கு அவர்கள் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரங்களும், அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் மைநேத்தா தளமும் உள்ளன. ஆனால் இராமநாதபுரம் என்ற பெயர் எல்லா ஆண்டுகளிலும் ஒரே நிலப்பரப்பைக் குறிப்பதாக நம்பிவிடக் கூடாது. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. 2008 எல்லை மறுவரையறையில் கடலாடித் தொகுதி மறைந்து, சாயல்குடிக் கரை முதுகுளத்தூரோடு சேர்ந்தது. இன்றைய மக்களவைத் தொகுதியில் மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளோடு, விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியும் அடங்கும். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் எங்கள் மாவட்டத்தில் இல்லை, எங்கள் தொகுதியில் இருக்கின்றன என்பதை மறந்து முதல் வரைபடத்தையே தவறாகப் போட்டேன்.

எனக்கு வேண்டியவை சாவடி வாரியான எண்கள். அவை படிவம் 20 என்னும் இறுதி முடிவுத் தாளில் இருக்கின்றன. தமிழகத்தில் 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு இயந்திரம் வந்துவிட்டதால், ஒவ்வொரு இயந்திரத்தின் கணக்கும் தனித்தனியே பதிவாகிறது; காகித வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கமும் இருந்ததால் அதற்கு முன்பு செல்ல நான் முயலவில்லை. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சமீபத்திய தேர்தல்களின் படிவம் 20 கிடைக்கிறது. சில பக்கங்கள் ஸ்கேன் செய்த படங்கள் என்பதால், தொகுதி தொகுதியாகக் கையால் தட்டச்சு செய்து, சாவடிகளின் கூட்டுத்தொகையோடு தபால் வாக்குகளைச் சேர்த்து, அறிவிக்கப்பட்ட முடிவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்.

இந்தச் சரிபார்ப்பு 2024-இல் என்னைக் காப்பாற்றியது. அந்த ஆண்டு எங்கள் மக்களவைத் தொகுதியில் நவாஸ் கனி 1,66,782 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடம் பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்துக்கு. அதே பெயரில் வேறு சில சுயேச்சைகளும் களத்தில் இருந்தது இங்கே டீக்கடை வரை தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் நான் வேட்பாளர் பெயரை வைத்து அட்டவணையைத் தொகுத்ததால், மென்பொருள் பன்னீர்செல்வங்கள் அனைவரையும் ஒருவராக்கிக் கூட்டிவிட்டது. அவருடைய மொத்தம் அறிவிக்கப்பட்டதைவிட அதிகமாக வந்ததைப் பார்த்த பிறகே தவறு பிடிபட்டது. அன்றிலிருந்து பெயரை நம்பாமல், படிவத்தில் வேட்பாளருக்குரிய வரிசை எண்ணை வைத்தே கணக்கிடுகிறேன்.

உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. படிவம் 20-இல் சாவடியின் எண் மட்டுமே இருக்கும். ஊர்ப் பெயர் இருக்காது. எண் 112 என்பது பாம்பன் கடற்கரையா, உள்ளே இருக்கும் கருவேலங்காட்டு ஊரா என்பதை அறிய, அதே தேர்தலுக்குரிய சாவடிப் பட்டியல் வேண்டும். வேறோர் ஆண்டின் பட்டியல் உதவாது. 2021-இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர் என்று வரம்பைக் குறைத்துத் துணைச் சாவடிகளைச் சேர்த்ததில், மாநிலத்தின் மொத்தச் சாவடிகள் 88,937 ஆயின. 2019-இலும் 2024-இலும் ஒரே சாவடியாக இருந்த இடம் 2021-இல் இரண்டாகக் கிடக்கிறது.

பழைய சாவடிப் பட்டியல் ஒன்று கிடைக்கவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஓர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். முப்பதாம் நாள் வந்த பதில், கேட்ட விவரம் இணையத்தில் உள்ளது என்று சொல்லி, எப்போதோ மூடப்பட்ட ஒரு முகவரியைக் குறிப்பிட்டிருந்தது. அந்தப் பக்கம் திறக்கவில்லை என்பதற்கான படத்தை இணைத்து முதல் மேல்முறையீடு செய்த பிறகு பட்டியல் குறுந்தகடாக வந்தது. அதில் ‘தெற்குப் பார்த்த தார்சுக் கட்டடம், கிழக்குப் பக்கம்’, ‘வடக்குப் பார்த்த ஓட்டுக் கட்டடம்’ என்று பள்ளிக்கூடங்களின் கூரை தட்டைத் தளமா (தார்சு), ஓடு வேய்ந்ததா என்பது வரை எழுதியிருந்தார்கள். ஓட்டுப் போடும் இடத்தை ஓட்டுக் கட்டடம் என்று படித்து நான் சிரித்ததை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை.

படிவம் 20-இல் சாவடி வாரியாகப் பதிவான வாக்கு உண்டு, அந்தச் சாவடிக்குரிய மொத்த வாக்காளர் எண்ணிக்கை இல்லை. விழுக்காடு காண இரண்டும் வேண்டும். வாக்காளர் பட்டியலின் பாகங்களிலிருந்து மொத்தத்தை எடுத்தேன். அது சரிதானா என்று பார்க்க, வாக்குப்பதிவு முடிந்ததும் வேட்பாளர்களின் முகவர்களுக்குத் தரப்படும், சாவடியின் மொத்த வாக்காளரும் பதிவான வாக்கும் குறித்த 17சி படிவம் உதவும் என்று கேள்விப்பட்டு, கீழக்கரையில் பல தேர்தல்களாகப் பூத் ஏஜென்டாக இருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அங்கே மூத்தவர்களைக் ‘காக்கா’ (அண்ணன்) என்று அழைப்பது வழக்கம். “காக்கா, பழைய 17சி ஏதும் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டதற்கு, “தூக்கிப் போடுவதற்கா தம்பி கையெழுத்துப் போட்டு வாங்கினோம்?” என்று சொல்லி, தகரப் பெட்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து விரித்தார். அவருடைய சாவடியில் என் கணக்கும் அந்தத் தாளும் ஒத்துப்போயின. பட்டியலில் பெயர் இருந்தும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் அவர் தெருத் தெருவாகச் சொன்னார். அது எந்தப் படிவத்திலும் கிடையாது. அதைக் கணக்கில் கொள்ளாமல் கீழக்கரையின் விழுக்காட்டைத் தங்கச்சிமடத்தோடு ஒப்பிட்டால் கடலுக்குச் சம்பந்தமில்லாத வேறுபாட்டைக் கடலின் தலையில் கட்டுவதாக ஆகும்.

மக்கள் கருத்துக் கணக்கெடுப்புகளையும் தேடினேன். டெல்லியில் உள்ள சமூக ஆய்வு நிறுவனமான சிஎஸ்டிஎஸ்ஸின் லோக்நீதி திட்டம் நடத்தும் தேசியத் தேர்தல் ஆய்வின் தரவை ஆய்வாளர்கள் கேட்டுப் பெறலாம். கேள்வித்தாள் நுட்பமானது; ஆனால் 2019 ஆய்வில் நாடு முழுவதற்குமே ஏறத்தாழ 24,000 பேரிடம்தான் பேசியிருக்கிறார்கள். அதில் தமிழக மீனவர் என்று பிரித்தெடுத்தால் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும். அந்தச் சிலரைக் கொண்டு வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) மீனவர்களின் மனநிலையை எழுதுவது நேர்மையாகாது என்று அதை ஒதுக்கிவிட்டேன். மாறாக, மீனவர் கைது, படகு மீட்பு குறித்து நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் அமைச்சகத்தின் பதில்களும் எனக்கு அதிகம் பயன்பட்டன.

இப்போது மூன்று தேர்தல்களின் சாவடிகளையும் பட்டியலில் உள்ள ஊர், தெருப் பெயர்களை வைத்து ஒன்றோடொன்று இணைத்து, 2021-இன் துணைச் சாவடிகளை அவற்றின் மூலச் சாவடியோடு சேர்த்துவிட்டேன். தொண்டிப் பக்கம் ஒரு சாவடி மட்டும் பொருந்தவில்லை: ஒரு பட்டியலில் ஓட்டுக் கட்டடம், அடுத்ததில் தார்சுக் கட்டடம், இரண்டுக்கும் பள்ளியின் பெயர் வேறு. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்களா, வேறு பள்ளிக்கே மாற்றிவிட்டார்களா என்று நேரில் பார்த்துவர வரும் சனிக்கிழமை பேருந்தில் போகிறேன்.