நான்கு தாள்கள் முட்டிக்கொள்ளும் மலை

கொடைக்கானல் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு வரைபடத்திலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோபோஷீட் (மேடு பள்ளம், ஓடை, பாதை எல்லாம் காட்டும் வரைபடத் தாள்) ஒவ்வொன்றும் நீளவாக்கில் 15 நிமிடம், அகலவாக்கில் 15 நிமிடம். இந்த நிமிடம் நேரமல்ல, அட்ச, தீர்க்க ரேகைப் பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 58 எஃப் வரிசையில் 7, 8, 11, 12 ஆகிய நான்கு தாள்களும் ஏரிக்கு வடகிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்கின்றன. (பழைய எண்களைத்தான் சொல்கிறேன். புதிய வரிசையில் எண் வேறு.) கொடை ஊர் எட்டாம் தாளின் மூலையில் ஒண்டியிருக்கும். அடிவாரத்துப் பெரியகுளம் பன்னிரண்டாம் தாளில் இருக்கும். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்க வேண்டுமென்றால் இரண்டையும் ஓரம் வெட்டி, செலோடேப் போட்டு ஒட்டியாக வேண்டும்.

எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஒரு தாளில் அறுபட்ட சமஉயரக் கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) அடுத்த தாளில் எங்கே தொடர்கிறது என்று விரல் வைத்துத் தேடி ஒட்டி முடிப்பதற்குள் அந்தச் சரிவு மனப்பாடமாகிவிடும்.

தேனி மாவட்டத்தில் மேல்நிலை வகுப்புக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்காக டோபோஷீட்டைப் படிப்பார்கள், தேர்வு முடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவார்கள். விடுமுறையில் மலையேறப் போகும்போது அவர்கள் கையில் இருப்பது போன் மட்டும்தான். போன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், என் பையிலும் அது உண்டு. ஆனால் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத்தான் போன் சொல்லும். நிலம் எப்படிக் கிடக்கிறது என்பதை முந்தின ராத்திரியே பெரிய தாளில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை அகலத் திரையில் பெரிதாக்கினால் சுற்றுப்புறம் போய்விடும், சிறிதாக்கினால் கோடுகள் போய்விடும்.

பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். கொடை 2,100. மலைப்பகுதித் தாளில் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம் என்பதால் நடுவில் கிட்டத்தட்ட 90 கோடுகள் வரும். காட்ரோடு சுற்றிப் பேருந்தில் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் இடம் அது, தாளில் ஒரு முழ நீளம்கூட வராது. அந்த முழத்துக்குள் 90 கோடுகளும் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தாலே முட்டிவலி எங்கே ஆரம்பிக்கும் என்பது தெரியும். தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அதற்குள் ஐந்து கோடுகளை ஏறினால் 100 மீட்டர் ஏற்றம், மூச்சு வாங்கும். பத்துக் கோடு என்றால் கையையும் ஊன்ற வேண்டியிருக்கலாம். நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். கீழிருந்து கொடைக்கு ஏறுவதென்றால் ஏற்றத்துக்கு மட்டுமே தனியாக மூன்று மணி நேரம் சேர்க்க வேண்டும். நம் வெயிலுக்கு நான் அதற்கு மேலும் சேர்த்துக்கொள்வேன்.

பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது தண்ணீரைப் பற்றி. டோபோஷீட்டில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் இருக்கும் ஓடை நீலம், வறண்டுபோகிற ஓடை கருப்பு. போனில் நான் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலும் எல்லாமே நீலக்கோடுதான். அதை நம்பி ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பலாமா?

தாள் கிடைப்பது இப்போது சிரமமில்லை. 2017-ல் நில அளவைத் துறை நக்ஷே என்ற தளத்தைத் திறந்தது, ஆதார் எண்ணைக் கொடுத்து பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. அச்சடிப்பதில்தான் கவனம் தேவை. ஒரு தாளின் படப்பரப்பு மட்டுமே பக்கத்துக்கு 55 சென்டிமீட்டர் வரும், சாதாரண ஜெராக்ஸ் கடையில் முடியாது. என்ஜினீயர்கள் வீட்டுப் பிளான் அச்சடிக்கும் கடைக்குப் போங்கள். காகிதத்துக்கு ஏற்றபடி சுருக்க வேண்டாம், நூறு சதவீத அளவிலேயே வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்கியதும் கட்டத்தின் மேல் ஸ்கேலை வையுங்கள். ஒரு கிலோமீட்டர் கட்டம் சரியாக 2 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

இனி போன். ஓஎஸ்எம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்து இயங்குபவை. வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் வேலை செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, மேலே வானம் தெரிந்தால் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டால் சார்ஜும் நிற்கும். பனி மூடி பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாதபோது, திரையில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் அந்தப் புள்ளிக்கு ஈடு எதுவும் கிடையாது. அடர்ந்த சோலைக்குள் புள்ளி கொஞ்சம் அலையும். பல செயலிகளின் உயரக்கோடுகளுக்கு அடிப்படை 2000-ல் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த அளவுகள். அந்த ரேடார் சோலையில் பெரும்பாலும் மரத்தலையைத்தான் தொட்டது, தரையை அல்ல. அதனால் சோலை ஓரத்தில் இல்லாத மேடு ஒன்று திரையில் தோன்றலாம்.

என்னை உண்மையாகவே கவலைப்பட வைப்பது இன்னொன்று. யாரோ நடந்த தடத்தை இணையத்தில் போடுகிறார்கள், அதை இறக்கிக்கொண்டு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். கோடு இருந்தால் பாதை இருக்கும், பாதை இருந்தால் போகலாம் என்ற நினைப்பு. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் 23 பேர் இறந்தது எங்கள் மாவட்டத்தில். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. பதிவு செய்தால் வழிகாட்டியும் வருவார். போகும் பாதைக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பதும் வரைபடம் பார்ப்பதில் சேர்ந்ததுதான் என்று வகுப்பில் சொல்கிறேன். தாளில் 'ஆர்.எஃப்.' என்று போட்டிருந்தால் அது காப்புக்காடு.

ஒருமுறை கொடை மலையிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் எங்களோடு நடந்தார். பாறையில் தாளை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தேன். "ஐயா, நாம இப்ப இங்க நிக்கிறோம்" என்று காட்டியதும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எழுத்தை அவர் பார்க்கவேயில்லை. ஓடைகள் சேரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே போனார். "டீச்சர், இது கருப்பா போட்டிருக்கே, இதுலதான் ஊத்து இருக்கு. நீங்க நீலம்னு காட்டுறீங்களே, அது பங்குனிக்குக் காஞ்சுபோகும்." தாளில் பேரே இல்லாத ஓடைகளுக்கெல்லாம் அவரிடம் பேர் இருந்தது. பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அச்சான தாளை நான் திருத்த முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதன் பெரிய பலமே அதுதான். பேர்களையும், கும்பிடும் இடங்களையும் வீட்டுக்கு வந்து ஏற்றினேன். ஊற்றை மட்டும் இன்னும் ஏற்றவில்லை. கோடையில் தீ பயத்தால் பாதையை மூடிவிடுவார்கள், நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. பங்குனி கடைசியில் பெரியவருக்குப் போன் செய்து, அந்த வருஷம் அதில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றப்போகிறேன்.