பிளேட் லோடு டெஸ்ட் பாஸ் ஆனால் போதுமா?

"சார், டெஸ்ட் பாஸ்தானே? நாளைக்கே பிசிசி போட்டுடலாமா?"

ஜாக்கைக் கழற்றும் முன்பே வீட்டுக்காரர்கள் கேட்டுவிடுவார்கள். பிசிசி என்பது அஸ்திவாரத்துக்கு அடியில் முதலில் போடும் கான்கிரீட். மண் பரிசோதனைதான் என் தொழில். ஆனாலும் இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

டெஸ்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அஸ்திவார மட்டம் வரை குழி வெட்டி, 30 சென்டிமீட்டர் சதுர இரும்புத் தகட்டை மண்மேல் வைப்போம். மேலே கர்டர் போட்டு மணல் மூட்டை அடுக்கி, அந்தப் பாரத்தை எதிர்த்து ஜாக்கால் தகட்டை அழுத்துவோம். தகடு எவ்வளவு இறங்குகிறது என்பதை டயல் கேஜ் காட்டும். குழி ஓரமாக ஒருவர் நடந்தாலே முள் ஆடும். கேஜைத் தாங்கும் கம்பியில் வெயில் பட்டால் கம்பி நீண்டு அளவு மாறிவிடும். அதற்காகவே தார்ப்பாய் கட்டுகிறோம். இவ்வளவு கவனமாக எடுத்த அளவு சரியானதுதான். எந்த மண்ணுக்குச் சரி என்பதில்தான் சிக்கல்.

ஒரு பாரம் தனக்குக் கீழே ஏறத்தாழ தன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் மண்ணைக் குறிப்பிடும்படி அழுத்தும். 30 சென்டிமீட்டர் தகடு 60 சென்டிமீட்டர் வரை. 2 மீட்டர் அகல ஃபூட்டிங், அதாவது ஒரு தூணைத் தாங்கும் அஸ்திவாரம், 4 மீட்டர் வரை. கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகையான ராஃப்ட் 10 மீட்டர் அகலம் என்றால் 20 மீட்டர். தகடு தொட்டே பார்க்காத மண்ணின்மேல்தான் கட்டடம் உட்காரப் போகிறது.

மேலும் கீழும் ஒரே மண்ணாக இருந்தாலும் கணக்கு நேரடியாக வராது. களிமண்ணில் இறக்கம் அகலத்தோடு சேர்ந்தே கூடும்: ஒரே அழுத்தத்தில் தகடு 4 மில்லிமீட்டர் இறங்கினால், 3 மீட்டர் ஃபூட்டிங் 40 மில்லிமீட்டர் இறங்கும். மணலில் நாங்கள் போடும் சூத்திரப்படி அதே ஃபூட்டிங் 13 மில்லிமீட்டர்தான் இறங்கும்; ஃபூட்டிங் எவ்வளவு பெரிதானாலும் 4 மடங்கைத் தாண்டாது. ரிப்போர்ட்டில் இருக்கும் எஸ்பிசி எண்ணை (மண் பத்திரமாகத் தாங்கும் பாரம்) மட்டும் பார்த்துவிட்டு மண் எது என்று கேட்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இதை விளக்க நான் எப்போதும் சொல்வது கனடாவின் வின்னிபெக் பக்கத்தில் டிரான்ஸ்கோனாவில் நடந்ததை. கனடியன் பசிபிக் ரயில்வே அங்கே ஒரு பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் கட்டியது. 59.5 மீட்டர் நீளம், 23.5 மீட்டர் அகலத்தில் ஒரே கான்கிரீட் ராஃப்ட், அதன்மேல் தானியம் நிரப்பும் 65 உருளைத் தொட்டிகள், அதாவது சிலோக்கள். கட்டும் முன் குழியில் பாரம் வைத்துச் சோதித்துத்தான் பார்த்தார்கள். சதுர மீட்டருக்கு 40 டன் வரை மண் தாங்கும் என்று வந்தது. வரப்போகும் பாரமோ ஏறத்தாழ 30 டன். தாராளம் என்று தோன்றியிருக்கும்.

1913 செப்டம்பரில் கோதுமை நிரப்பத் தொடங்கினார்கள். அக்டோபர் 18 அன்று கட்டடம் ஒரு மணி நேரத்தில் ஓர் அடி இறங்கியது. பிறகு மேற்கே சாயத் தொடங்கி, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 27 டிகிரி சாய்ந்து நின்றது. சிலோக்கள் உடையவில்லை, கான்கிரீட்டில் குறையே இல்லை. பழைய அகாசிஸ் ஏரியின் அடியில் படிந்த களிமண் அது. மேலடுக்கு கெட்டி, அதற்குக் கீழே இளகிய களி. சிறிய சோதனை கெட்டியான மேலடுக்கோடு நின்றுவிட்டது, 23.5 மீட்டர் அகல ராஃப்ட் கீழே இருந்த களி முழுவதையும் பிதுக்கியது. நாற்பது ஆண்டு கழித்து, மண் பொறியாளர்கள் ரால்ஃப் பெக்கும் பிரையன்ட்டும் அங்கே துளையிட்டு மண் எடுத்துக் கணக்குப் போட்டபோது, அந்த மண்ணின் உச்சத் தாங்குதிறன் உண்மையில் வந்த பாரத்தை ஒட்டியே இருந்தது தெரிந்தது. களஞ்சியத்தைச் சுண்ணாம்புப் பாறை வரை தூண் இறக்கி நிமிர்த்தினார்கள் என்பது தனிப் பெருங்கதை.

நம் ஊரிலும் பள்ளிக்கரணை சதுப்பைச் சுற்றியுள்ள பகுதிகளில், வெயிலில் காய்ந்து இறுகிய மேல்மண்ணோ கொட்டி நிரப்பிய கிராவலோ இருக்கும். அடியில் சொதசொதவென்று களி இருக்கும். தகட்டை மேலே வைத்தால் அருமையான ரிசல்ட் வரும். இன்னொன்று, காலம். டெஸ்டில் ஒவ்வொரு பாரத்தையும் ஒரு மணி நேரம்போல வைத்திருப்போம். களிமண்ணிலிருந்து நீர் வெளியேற எடுக்கும் நேரம் அடுக்கின் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டருக்குப் பதில் 4 மீட்டர் என்றால் 40 மடங்குக்கு மேல். கட்டடம் குடிபுகுந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கலாம். அதை ஒரு பகல் டெஸ்ட் காட்டவே காட்டாது.

பிளேட் டெஸ்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரளை கலந்த மண்ணில் சேதமில்லாமல் சாம்பிள் எடுக்க முடியாது. அங்கே அது அருமையான டெஸ்ட். ஆனால் முதலில் போர்ஹோல் போடுங்கள், அதாவது ஆழமாகத் துளையிட்டு மண்ணைச் சோதியுங்கள், ஃபூட்டிங் அகலத்தின் இரண்டு மடங்குக்குக் குறையாமல் ஆழம் போகட்டும். எஸ்பிடி எண் (துளைக்குள் குழாயைச் சுத்தியலால் இறக்க எத்தனை அடி தேவை என்ற கணக்கு) கீழே போகப்போகக் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அந்தக் களியை ஆய்வகத்துக்கு அனுப்பி கன்சாலிடேஷன் டெஸ்ட் (பாரத்தில் நீர் வெளியேறி களி எவ்வளவு சுருங்கும் என்ற சோதனை) செய்யச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பட்ஜெட் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், களிமண் மனையில் நான் போர்ஹோலைத்தான் போடச் சொல்வேன்.